பழைய தண்ணீர் போகும் வழி

எங்கள் தெருவில் தண்ணீர் வரும் நாளை வைத்துத்தான் மற்ற நாட்களுக்குப் பெயர். "தண்ணிக்கு மறுநாள் வளைகாப்பு" என்பார்கள். "போன தண்ணிக்கு முந்துன நாள்தான் அவரு ஊர்லருந்து வந்தாரு" என்பார்கள். வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. சில நாட்களுக்கு ஒருமுறை, விடிவதற்கு முன் குழாயில் காற்று சீறும். அந்தச் சத்தம் கேட்டால் தெருவே எழுந்துவிடும்.

என் அம்மா பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் ரவிக்கை தைக்கிறாள். தண்ணீர் நாளில் கடைக்குப் போக மாட்டாள். கல்யாண சீசனில் கடைக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் போக மாட்டாள். டிரம், தொட்டி, குடங்கள், அண்டா, கடைசியில் தண்ணீர்ச் செம்புகூட நிறைந்தால்தான் அவளுக்கு மூச்சு வரும். அன்று மாலை தோள்பட்டையில் தைலம் தேய்க்கச் சொல்லி என்னைக் கூப்பிடுவாள்.

நான் படித்தது சிவில். அதற்குமேல் குடிநீர்க் குழாய்களைப் பற்றித் தனியாக ஒரு படிப்பு. ஊருக்குள் வரும் குடிநீர் எங்கெங்கே வீணாகிறது என்று அளந்து சொல்லும் வேலையை எடுத்திருந்த ஒரு நிறுவனத்தில் ஒப்பந்தப் பொறியாளராகச் சேர்ந்தேன். வேலையின் நோக்கம் எளிது. சில தெருக்களில் வீணாவதைக் குறைத்து, மிச்சமாகும் தண்ணீரை அந்தத் தெருக்களுக்கே தினமும் கொஞ்ச நேரம் விட்டுப் பார்ப்பது. அணையிலிருந்து கூடுதலாக ஒரு சொட்டும் எடுக்காமல் தினசரித் தண்ணீர். தேர்ந்தெடுத்த தெருக்களில் எங்கள் தெருவும் இருந்தது. அம்மா லீவு போடாத ஒரு வருடத்தை நான் அப்போதே மனதுக்குள் கட்டி முடித்துவிட்டேன்.

தெருமுனையில் மீட்டர் பொருத்தினோம். பிறகு வீடு வீடாகப் போய், எத்தனை பேர், எத்தனை பாத்திரம், குளிக்க எவ்வளவு, துவைக்க எவ்வளவு, சமைக்க எவ்வளவு என்று கேட்டேன். எங்கள் தெருக்காரர்கள் பொய் சொல்லக்கூடியவர்கள் இல்லை. அதிலும் என்னிடம் சொல்ல முடியாது. யார் வீட்டுத் தொட்டி எவ்வளவு பெரிது என்று சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரியும். ஆனாலும் வீடுகள் சொன்னதையெல்லாம் கூட்டிப் பார்த்தால், மீட்டர் காட்டியதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

நான் எதையும் வரிசை போட்டு யோசிப்பவள். கசிவு, திருட்டு இணைப்பு, மோட்டார் வைத்து உறிஞ்சுவது, மீட்டர் கோளாறு, என் கூட்டல் பிழை என்று வரிசை போட்டேன். முதலில் என் கூட்டலைச் சரிபார்த்தேன். பிறகு மீட்டரைக் கழற்றிச் சோதித்தோம். திருட்டு இணைப்பு எதுவும் அகப்படவில்லை. மோட்டார் வைத்திருந்தவர்கள் அதை ஒளிக்கவும் இல்லை. "எடுத்துருவியா பாப்பா?" என்று மட்டும் கேட்டார்கள். கடைசியில் மிஞ்சியது கசிவு.

என் மேலாளர் ஒட்டன்சத்திரம் பக்கம். நிதானமானவர். "கசிவுதானுங்கம்மா. வேற என்னங்க இருக்கப்போவுது? ரோட்டத் தோண்டிப் பாத்தரலாம்" என்றார்.

சிமெண்ட் ரோடு போட்டுக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அதைத் தோண்டினால் முதல் சண்டை என் வீட்டு வாசலில்தான் நடக்கும். அதனால் தோண்டுவதற்கு முன் கேட்டுப் பார்க்கிறேன் என்றேன். கேட்பது என்றால் காதால் கேட்பது. ஒரு நீளமான இரும்புக் கம்பியின் ஒரு முனையைக் குழாயில் ஊன்றி, மறுமுனையில் காதை வைக்க வேண்டும். மண்ணுக்குள் எங்காவது தண்ணீர் பீறிட்டால் அந்த இரைச்சல் கம்பி வழியாக வரும். தண்ணீர் வந்த ஒரு விடியலில் தெரு முழுக்கக் கம்பியை ஊன்றிக்கொண்டு நடந்தேன். குடங்களோடு நின்றவர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு.

"என்ன பாப்பா, பைப்புக்குக் காய்ச்சலா?"

"ஊசி போடுவியா, மாத்திரை குடுப்பியா?"

ஒரு கசிவும் கேட்கவில்லை. கம்பியில் வந்ததெல்லாம் வீடுகளுக்குள் தண்ணீர் விழும் சத்தம்தான்.

அடுத்த தண்ணீர் நாளில் நான் அம்மாவோடு வீட்டில் இருந்தேன். குழாயில் காற்று சீறியதும் அம்மா நீல டிரம்மைச் சாய்த்தாள். நான் மறுபக்க விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். சின்ன வயதிலிருந்து அந்த விளிம்பு என்னுடையது. அடியில் நிறையவே தண்ணீர் கிடந்தது.

"எங்கம்மா போகுது இம்புட்டுத் தண்ணியும்?" என்று நான் கேட்டேன். என் மனதில் மீட்டர் இருந்தது.

"எனக்கென்னடி தெரியும்? நல்லாப் புடி. கால்ல விழுந்துறப் போகுது."

தண்ணீர் வாசல்படி வழியாக இறங்கி, வாசலை ஒட்டிய சின்னச் சாக்கடையான வாறுகாலில் விழுந்தது. எதிர்வீட்டிலும் அதே நேரம் ஒரு டிரம் சாய்ந்தது. பக்கத்து வீட்டில் அண்டா. அதற்கடுத்த வீட்டில் குடம் குடமாக. நேற்றுவரை சோப்புத்தண்ணீர் ஊர்ந்த வாறுகாலில் கண்ணாடி மாதிரித் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நான் என் கைகளைப் பார்த்தேன். அவை இன்னும் டிரம்மைச் சாய்த்துப் பிடித்திருந்தன.

"அம்மா, இத ஏன் ஊத்துறோம்?"

அம்மா நான் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னதுபோல் திரும்பிப் பார்த்தாள். "பழைய தண்ணிடி."

"அழுக்கா இருக்கா? நாறுதா?"

"புதுத்தண்ணி வந்துருச்சுல்ல? பழசு மேல புதுசப் புடிச்சா ரெண்டும் கெட்டுரும். என்ன படிச்சயோ போ."

அணையிலிருந்து வந்து, குளோரின் கலந்து, மேல்நிலைத் தொட்டி ஏறி இறங்கி, எங்கள் வீட்டில் மூடி போட்டு வைத்திருந்த நல்ல தண்ணீர். அடுத்தது எப்போது வருமோ என்று பயந்து பயந்து மிச்சம் பிடித்தது. புதுசு வந்த நிமிடத்தில் அது பழசாகிவிட்டது. வீடு வீடாகப் போய் 'எவ்வளவு பயன்படுத்துகிறீர்கள்' என்று கேட்டேனே, அந்தக் கேள்விக்கு யாரும் தப்பாகப் பதில் சொல்லவில்லை. ஊற்றிவிடுவது பயன்படுத்துவது இல்லையே. நானும் எங்கள் வீட்டுக்கு எழுதும்போது அதை எழுதவில்லை.

சரி, ஊற்றாதீர்கள் என்று சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அந்த வாரமே கொசு ஒழிப்புக்கு வரும் பெண்கள் டார்ச் விளக்கோடு வந்தார்கள். டிரம்முக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, "தண்ணி வரப்ப எல்லாம் பழசக் கவுத்தி ஊத்திட்டு, தேச்சுக் கழுவிட்டுப் புடிங்கம்மா, டெங்கு வரும்" என்றார்கள். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அவர்கள் சொன்னதும் சரிதான். நான் சொல்ல நினைத்ததும் சரிதான். இரண்டும் ஒரே டிரம்மைப் பற்றியது என்பதுதான் எனக்குச் சிக்கலாக இருந்தது.

வாறுகாலில் விழும் தண்ணீர் எங்கே போகிறது என்று நடந்து பார்க்க வேண்டும் என்று அப்போதுதான் தோன்றியது. தெருக்கோடியில் ஒரு காலி மனை. அதன் சொந்தக்காரர் வெளியூரில் இருக்கிறார் என்பது தவிர யாருக்கும் எதுவும் தெரியாது. அந்த மனையில் எங்கள் தெருவுக்குக் கீரை விற்கும் அக்கா பாத்தி கட்டியிருந்தார். அரைக்கீரை, சிறுகீரை, ஓரத்தில் தண்டங்கீரை. நான் சாப்பிட்டு வளர்ந்த கீரை. அது எந்தத் தண்ணீரில் வளர்கிறது என்று எனக்குக் கேட்கத் தோன்றியதே இல்லை.

தண்ணீர் நாளில் வாறுகாலின் வாயில் மணல் மூட்டையை வைத்து, ஓடிவருவதை மனைக்குள் திருப்பிவிடுவார். மற்ற நாட்களில் மூட்டையை எடுத்துவிடுவார். சோப்புத்தண்ணீர் அதன்பாட்டுக்குப் பெரிய சாக்கடைக்குப் போய்விடும். நாளைக்குத் தண்ணீர் என்று தெரிந்ததும், முந்தின நாள் சாயங்காலம் தெருக்கோடியிலிருந்து தெருமுனைவரை வாறுகாலைக் கூட்டிச் சுரண்டி வைப்பதும் அவர்தான். துப்புரவு ஆட்கள் வந்து செய்கிறார்கள் என்று நான் நினைத்திருந்தேன்.

"போர் போட்டுக்கலாம்லக்கா?" என்று கேட்டேன்.

"போர்த்தண்ணி வாயில வைக்க முடியாது பாப்பா, அம்புட்டு உப்பு. ஒருவாட்டி பக்கத்து வீட்டுப் போர்த்தண்ணிய வாங்கி ஊத்திப் பாத்தேன். இலை நுனியெல்லாம் கருகிருச்சு. இந்தத் தண்ணிக்குத்தான் தழைக்குது. இது நின்னுச்சுன்னா நானும் நிப்பாட்டிட வேண்டியதுதான். எதுக்குக் கேக்குற?"

எதற்குக் கேட்கிறேன் என்று சொன்னேன். தினமும் தண்ணீர் வரப் போகிறது, அப்படி வந்தால் யாரும் சேர்த்து வைக்க மாட்டார்கள், சேர்த்து வைக்காவிட்டால் ஊற்ற மாட்டார்கள் என்று வரிசையாகச் சொன்னேன்.

அவர் சிரித்தார். "தினமும் வந்தா தினமும் ஊத்துவாக. நல்லதுதான?"

இல்லை என்று விளக்க வாய் எடுத்தேன். அவர் கட்டுக் கட்டும் வாழைநாரைப் பல்லில் கடித்துக்கொண்டு, "செத்த தள்ளி நில்லு, பாத்திய மிதிக்கிற" என்றார்.

அலுவலகத்தில் மேலாளர் நிம்மதியாகிவிட்டார். "அப்ப லீக்கே இல்லீங்க! ரோட்டையும் தோண்ட வேண்டியதில்ல. தெனமும் விட்டா ஊத்துறத நிறுத்திருவாங்க. முடிஞ்சுதுங்கம்மா" என்றார். ஒரு பொறியாளராக நானும் அதையேதான் சொல்வேன். கீரையைப் பற்றிச் சொன்னேன். அவர் வீட்டில் முருங்கைத் தோட்டம் உண்டு. தண்ணீர் இல்லாத வருடம் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும்.

"குடிக்கிற தண்ணிய அளக்கறதுதானுங்க நம்ம வேலை. கீரைக்கு நாம என்னங்க பண்றது?" என்றார். கேள்வியாகத்தான் கேட்டார்.

தினசரித் தண்ணீர் தொடங்கியது. விடிகாலை கொஞ்ச நேரம்தான் வரும், ஆனால் தினமும் வரும். முதல் சில நாட்களின் மீட்டர் அளவைப் பார்த்துவிட்டு எனக்குத் தலை சுற்றியது. குறைய வேண்டியது கூடியிருந்தது. மறுநாள் விடியலில் வீட்டில் நின்று பார்த்தேன். காற்று சீறியது. அம்மா டிரம்மைச் சாய்த்தாள்.

"என்னம்மா பண்ற? நேத்துப் புடிச்சதும்மா அது!"

"அதத்தான் நானும் சொல்றேன். நேத்துத் தண்ணி. புதுசு வந்துருச்சுல்ல?"

தெரு முழுக்க இதே கதை. கீரைக்கார அக்கா சொன்னபடியே தினமும் ஊற்றினார்கள். மணல் மூட்டையை எடுப்பதா வைப்பதா என்று தெரியாமல் அவர் அல்லாடினார். பாத்திகளில் தண்ணீர் தேங்கி, சிறுகீரை வேர் அழுகிச் சாய்ந்தது. கண்ணில் படும்போதெல்லாம், "போதும்னு சொல்லு பாப்பா உன் ஆபீஸ்ல" என்றார். எது வீண், எது பயன் என்று எழுத என் அறிக்கைத் தாளில் இரண்டு கட்டங்கள் இருந்தன. இந்தத் தண்ணீர் அன்று சந்தேகமே இல்லாமல் வீண் கட்டத்துக்குப் போனது. குடிக்கவும் இல்லை, கீரைக்கும் உதவவில்லை.

பிறகு, யாரும் சொல்லாமலே, தெரு மாறியது. நாளைக்கும் வரும் என்று நம்புவதற்குக் கொஞ்ச காலம் பிடித்தது, அவ்வளவுதான். முதலில் அண்டாக்கள் பரணுக்குப் போயின. எதிர்வீட்டு டிரம்மில் தவிட்டு மூட்டை இறங்கியது. அம்மா எங்கள் நீல டிரம்மைக் கடைசிவரை விடவில்லை. ஒருநாள் அதைக் கழுவிக் காயவைத்துக் கிழிந்த துணிகளைப் போட்டு மூடினாள். அன்று அவள் ஏதோ துக்கவீட்டுக்குப் போய்வந்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். மறுநாள், பழைய கணக்கில் தண்ணீர் வந்திருக்க வேண்டிய நாளில், கடைக்குப் போனாள். நான் ஆசைப்பட்டது நடந்துவிட்டது. மீட்டரும் நான் ஆசைப்பட்டபடியே இறங்கியது.

வாறுகாலில் சோப்புத்தண்ணீர் மட்டும் ஓடியது. அக்கா அதைக் கூட்டுவதை நிறுத்திவிட்டார். அவருக்கு இனி அதில் என்ன இருக்கிறது? பாலித்தீன் பைகள் அடைத்துக்கொண்டன. டிரம்களில் ஒழிந்த கொசு வாறுகாலுக்கு வந்தது. டார்ச் விளக்குப் பெண்கள் இப்போது அங்கே வெளிச்சம் அடித்தார்கள். கீரைக்கட்டு சிறுத்தது. பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தது. பாத்திகளில் வெடிப்பு விழத் தொடங்கியது.

நான் மறுபடி வரிசை போட்டேன். போர்: உப்பு. வீடுகளில் சுத்திகரிப்பு இயந்திரம் கழித்துவிடும் தண்ணீர்: அதுவும் உப்பு. துவைத்த தண்ணீரை வடிகட்டிக் கொடுக்கலாமா என்று கேட்டபோது அக்கா, "சோப்புத் தண்ணியில வளந்த கீரைய நீ திம்பியா? உன் அம்மா திம்பாகளா? நான் எந்த மூஞ்சிய வச்சு விக்கிறது?" என்றார். புதிதாக ஒரு குழாய் இணைப்பு: காலி மனைக்குக் கொடுக்க மாட்டார்கள், சொந்தக்காரர் கையெழுத்து இல்லாமல் நடக்காது. வரிசை தீர்ந்துவிட்டது.

"உன்னையச் சொல்லிக் குத்தமில்ல பாப்பா. தெருவே நல்லாருக்குன்னு சொல்லுது. நான் மட்டும் நல்லால்லேன்னு எப்படிச் சொல்ல?" என்றார் அக்கா. அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் தெருக்கோடி வீடுகளிலிருந்து ஒரு புகார் வந்தது. காலையில் முதல் குடத்துத் தண்ணீர் லேசாகப் பழுப்பாக இருக்கிறதாம், ஒரு வாடையும் அடிக்கிறதாம். நான் போய்ப் பார்த்தேன். உண்மைதான். காரணம் பாடத்தில் படித்ததுதான். எங்கள் தெருக்குழாய் காலி மனையோடு முட்டி நின்றுவிடுகிறது. அதற்குமேல் போக்கில்லை. முன்பு எல்லா வீட்டுக் குழாயும் ஒரே நேரத்தில் திறந்து கிடக்கும், தண்ணீர் வேகமாக வந்து குழாயின் கடைசி முனைவரை அலசிவிடும். இப்போது அவரவர் நிதானமாகக் கொஞ்சம் பிடிக்கிறார்கள். வேகம் இல்லை. அந்த முனையில் தண்ணீர் தேங்குகிறது. இதற்குக் கையேட்டில் வழி இருக்கிறது. குழாயின் முடிவில் கழிவு வால்வு வைத்து, அவ்வப்போது திறந்து, தேங்கியதை வெளியே விட வேண்டும்.

அன்றிரவு சாப்பிடும்போது அம்மாவிடம் இதைச் சொன்னேன். அம்மா தோசைக்கரண்டியோடு நின்றுவிட்டாள்.

"அப்ப உங்க பைப்புலயும் பழைய தண்ணி உண்டு?"

"தேங்குன தண்ணிம்மா."

"அத ஊத்திருவீங்க?"

"திறந்து விடுவோம்."

"அதத்தான்டி நான் அம்புட்டு வருசமா செஞ்சேன்!" தோசை கருகும் வாடை வந்தது. அவளுக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை.

அம்மா செய்ததும் இதுவும் ஒன்று இல்லை என்று நிரூபிக்க எனக்கு வரிசையாகக் காரணங்கள் தெரியும். அளவு வேறு, தேவை வேறு. ஆனால் தட்டில் கருகிய தோசை விழுந்தபோது அவற்றை விட்டுவிட்டுச் சட்னியை இழுத்துக்கொண்டேன்.

கழிவு வால்வு ஏற்கெனவே இருந்தது. குழாய் போட்ட காலத்தில் வைத்தது. அக்காவின் பாத்தி வரப்புக்கு அடியில் மண்மூடிக் கிடந்தது. தோண்டி எடுத்தபோது அக்கா இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தார். அதிலிருந்து வரும் தண்ணீரை எந்தப் பக்கம் விடுவது என்று மேலாளரிடம் போனில் கேட்டேன்.

"எந்தப் பக்கம் விடோணும்னு கையேட்டுல இருக்குதுங்களா?"

"இல்லீங்க சார். பாதுகாப்பா வெளியேத்தணும்னு மட்டும் இருக்கு."

"அப்ப பாதுகாப்பா வெளியேத்துங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

வால்வைத் திறந்ததும் முதலில் துருவேறிய செந்நீர் வந்தது. அதை வாறுகாலில் விட்டோம். தெளிந்ததும் அக்கா மணல் மூட்டையை இழுத்துப் போட்டார். தண்ணீர் பாத்திக்குள் திரும்பியது. வெடிப்புகளுக்குள் இறங்கும்போது அது எழுப்பிய சத்தத்தை நான் கம்பி இல்லாமலே கேட்டேன். குழாய் சுத்தமானதும் மூடிவிட வேண்டும். மூடினேன். தூரத்துப் பாத்திகளுக்குத் தண்ணீர் போய்ச் சேரவில்லை.

"இம்புட்டுத்தானா?" என்றார் அக்கா.

"இம்புட்டுத்தான்க்கா. குழாய்க்கு இவ்வளவுதான் வேணும்."

"உன் பைப்பு ரொம்பச் சுத்தக்காரியா இருக்கு. கொஞ்சம் அழுக்காகச் சொல்லு" என்றார். இருவரும் சிரித்தோம். ஆனால் அவர் கண் தூரத்துப் பாத்திகளில்தான் இருந்தது.

இப்போது பாதிப் பாத்தியில்தான் கீரை. தண்டங்கீரையை விட்டுவிட்டார். மற்ற நேரத்துக்கு வெங்காய மண்டிக்குப் போய்ச் சின்ன வெங்காயம் தரம் பிரிக்கிறார். வால்வு திறக்கும் நாளுக்கு முன் மட்டும் வாறுகாலின் கடைசிப் பகுதியைக் கூட்டி வைக்கிறார். தெருவின் மற்ற பகுதி அடைத்துத்தான் கிடக்கிறது. அதைப் பற்றி நான் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். எங்கள் தெரு வெற்றிகரமான தெரு என்று அறிக்கையில் இருக்கிறது. அதை எழுதியதும் நான்தான். அது பொய் இல்லை. வால்வில் விடும் தண்ணீரை எந்தக் கட்டத்தில் போடுவது என்று மேலாளர் கேட்டார். இரண்டு கட்டங்களையும் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, கீழே தனியாகக் கோடு போட்டு, 'குழாய் அலசிய நீர்' என்று எழுதினேன். அவர் அதை மாற்றவில்லை. அடுத்த தெருவுக்கான பட்டியல் வந்துவிட்டது. அங்கே தெருக்கோடியில் என்ன இருக்கிறது என்று முதலில் போய்ப் பார்த்து வந்தேன். ஒரு மாட்டுக்கொட்டகை இருக்கிறது. அதன் தொட்டி எப்படி நிறைகிறது என்று இன்னும் கேட்கவில்லை.

நேற்று வால்வு திறந்த நாள். இன்று காலை அம்மா வாசலில் நின்று கீரைக்கட்டை விரித்துப் பார்த்து, "என்ன, கட்டு இம்புட்டுச் சின்னதா இருக்கு?" என்று அக்காவிடம் மல்லுக்கு நின்றாள்.

"உங்க மகளத்தான் கேக்கணும் மதினி. டிரம்முல துணியப் போட்டு மூடி வச்சுட்டு கட்டு பெருசா வேணும்னா எப்படி?"

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அக்காவும் பார்த்தார். நான் அம்மா கையிலிருந்த கீரையை வாங்கிக்கொண்டு ஆய்வதற்கு உள்ளே போனேன்.